குழி மூடுமுன் ஒருவர் வந்து பார்க்க வேண்டும்

எங்கள் ஊரில் வீடு கட்டத் தொடங்கியவரை ஒழுங்கையில் கண்டால் கேட்கும் முதல் கேள்வி, “பிளான் பாஸாகிட்டுதா?” என்பதுதான். “ஓம்” என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பிறகு சீமெந்து விலை, மேசன் கூலி, மணல் லோட் என்று கதை போய்விடும். அத்திவாரக் கிடங்கை வந்து பார்த்தது யார், கொங்கிரீட் போடுமுன் தூண் கம்பியைப் பார்த்தது யார், மலக்குழிக்கும் பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் இடையில் நாடா பிடித்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

திருகோணமலைக்குப் பக்கத்தில், அலஸ்தோட்டத்தில் என் தங்கைக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அவளுடைய கணவர் கட்டாரில். அவளுக்குப் பள்ளிக்கூடமும் பிள்ளைகளுமே சரியாக இருக்கிறது. அதனால் வேலையைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மேசன்மாரோடும் உள்ளூராட்சி சபை உத்தியோகத்தர்களோடும் புழங்கியதில் ஓர் எண்ணம் எனக்குள் நன்றாக ஊறிவிட்டது. அனுமதித் தாளுக்காக நாங்கள் படும் பாட்டில் பாதியையாவது பரிசோதனைக்காகப் பட வேண்டும். அனுமதி கொடுக்கும்போது அதிகாரி பார்ப்பது தாளில் கிடக்கும் வீட்டை. அதற்குள் குடியிருக்கப்போவது யாருமில்லை. மண்ணில் எழும்புகிற வீட்டைப் பார்ப்பது பரிசோதனை மட்டும்தான், அதுவும் சரியான நாளில் நடந்தால்.

காணியில் இருந்து தொடங்குகிறேன். கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்கு என்பது தெரிந்ததுதானே. கலியாணம் என்றால் வீடு கட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். புதுக் காணி வாங்க முடியாதவர்கள் இருக்கிற வளவையே பிரிப்பார்கள். எங்கள் அம்மம்மாவின் வளவு கால் ஏக்கர், அதாவது 40 பேர்ச். அது அம்மாவுக்கும் பெரியம்மாவுக்குமாக 20, 20 ஆனது. அம்மாவின் 20 பேர்ச்சில் நாங்கள் மூன்று பெண்கள். கணக்கு எல்லோருக்கும் விளங்கும்: ஆளுக்கு ஆறரைப் பேர்ச்சுக்குக் கொஞ்சம் மேல். பின்னால் இருக்கும் துண்டுக்குப் பாதை விட்டால் அதுவும் குறையும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் வீட்டுக் காணிக்கு வைத்த சாதாரணக் கீழெல்லை 150 சதுர மீற்றர், ஏறத்தாழ 6 பேர்ச். அந்த ஒழுங்குவிதிகளின் இடத்துக்கு 2021இல் புதியவை வந்தாலும், “ஆறு பேர்ச்சுக்குக் குறைஞ்சால் பாஸாகாது” என்பது எங்கள் பக்கம் படவரைஞர் முதல் புரோக்கர் வரை எல்லோர் வாயிலும் இருக்கும் வசனம்.

சீதன வழக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. பெண்ணுக்குச் சொந்தக் கூரையைக் கொடுக்கும் வழக்கம் அது. புருஷன் வீட்டில் கையேந்தி நிற்காமல் எங்கள் ஊர்ப் பெண்கள் நிமிர்ந்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் வளவு பாதியாகும்போது கிணறுகளும் குழிகளும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. அம்மம்மா காலத்தில் கால் ஏக்கருக்கு ஒரு கிணறு, தூரத்தில் ஒரு கக்கூசு. இன்று அதே நிலத்தில் நான்கு வீடு, நான்கு மலக்குழி, மூன்று கிணறு. காணி உறுதி எழுதும் நொத்தாரிசு எல்லையைப் பார்ப்பார். நில அளவையாளர் அளவைப் பார்ப்பார். நிலத்துக்கு அடியில் எது எதை நோக்கி ஊறுகிறது என்று பார்க்கும் பொறுப்பு பீ.எச்.ஐ.க்கு, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, மட்டும்தான்.

எங்கள் பகுதி மணல். ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்தால் நிலத்தடி நீர் மளமளவென்று மேலே வரும். நல்ல மாரியில் கிணற்றுக் கட்டில் சாய்ந்தபடி கையாலேயே தண்ணீர் அள்ளிய வருடங்கள் உண்டு. மணல் தண்ணீரை வடிகட்டித் தரும் என்று ஆட்கள் நம்புகிறார்கள். பரும்படி அழுக்கை அது நிறுத்தும், உண்மைதான். ஆனால் குழியின் அடியும் நீர்மட்டமும் தொட்டுக்கொண்டால் கிருமிக்குத் தடையே இல்லை. நைத்திரேற்றை மணல் பிடித்து வைப்பதுமில்லை. அது கரைந்த தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கும். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு பயம்.

பீ.எச்.ஐ. வந்த நாளை விவரமாகச் சொல்ல வேண்டும். இளம் பிள்ளை. மோட்டார்சைக்கிளை வேலியோரம் நிறுத்திவிட்டு வந்து, படத்தை விரித்துப் பார்த்தார். படத்தில் எங்கள் கிணறும் எங்கள் குழியும் 50 அடிக்கு மேல் தள்ளித்தான் இருந்தன. அதோடு கையெழுத்துப் போட்டிருக்கலாம். அவர் படத்தை மடித்துவிட்டு, “அங்காலப் பக்கத்துக் கிணறு எங்க அக்கா?” என்று கேட்டார். படவரைஞர் எங்கள் எல்லைக்குள் இருப்பதை மட்டுமே கீறியிருந்தார். அது அவர் தொழிலின் வழமை. பெரியம்மா வீட்டுக் கிணறு மதிலுக்கு அந்தப் பக்கம். நாடாவின் ஒரு முனையை என்னிடம் தந்துவிட்டு, மற்ற முனையோடு அவர் மதிலில் ஏறினார். அங்கே பெரியம்மாவின் மருமகன் அதை வாங்கிக் கிணற்றுக் கட்டில் வைத்தான். 38 அடி.

“இது சரிவராது அக்கா. குழியை முன்பக்கம் கொண்டுவாங்கோ” என்றார்.

முன்பக்கம் என்றதும் அம்மாவுக்கு முகம் மாறியது. வாசலுக்கு நேரே மலக்குழியா, ஆசாரியார் என்ன சொல்லுவார், ஈசான மூலை என்ன ஆகும் என்று தொடங்கிவிட்டார். அந்தப் பிள்ளை அதைத் தட்டிக் கதைக்கவில்லை. வளவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தென்மேற்குப் பக்கமாக மதிலோரம் ஒரு இடத்தைக் காலால் கீறிக் காட்டினார். மூன்று கிணற்றுக்கும் எட்டாத இடம், ஈசான மூலையும் இல்லை. அம்மாவும் சரி என்றார். இந்த மாதிரி ஒரு உத்தியோகத்தர் வந்து நின்றால் சட்டம் ஊருக்குள் எப்படி இறங்கும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

பிறகு அவர் குழியின் அமைப்பைக் கேட்டார். எங்கள் பக்கம் பரவலான வழக்கம் சீமெந்து வளையங்களை ஒன்றன்மேல் ஒன்று இறக்கி, அடியைத் திறந்தபடி விட்டு, மேலே மூடி போடுவது. மேசன்மார் இதைத்தான் “செப்டிக்” என்பார்கள். உண்மையில் முறைப்படி இரண்டு பகுதி வேண்டும். முதலாவது அடியும் சுவரும் சீமெந்து பூசி நீர் கசியாத தொட்டி. கனமான கழிவு அங்கே அடியில் தங்கும். அதிலிருந்து வழியும் நீர் மட்டும் இரண்டாவதான ஊறுகுழிக்குப் போகும். நீர்மட்டம் உயர்ந்த இடங்களில் ஊறுகுழியை ஆழமாக வெட்டவே கூடாது. ஆழம் குறைத்து, அகலமாக, கல்லும் மணலும் பரப்பி அமைக்க வேண்டும். இலங்கைத் தரக் கட்டளை 745 இதற்கென்றே இருக்கிறது. ஆனால் ஒரு மேசனாவது அதைக் கையில் வைத்திருந்ததை நான் காணவில்லை. அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் இல்லை.

குழியை மூடிவிட்டால் எது கட்டப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. தொட்டியின் அடியில் சீமெந்து பூசியதா, மண்ணா? கடைசியில், வீடு முடிந்ததும் சான்றிதழுக்காக வரும் அதிகாரி மூடியைப் பார்ப்பார், அவ்வளவுதான். ஆகவே அந்தப் பிள்ளையிடம், மூடுமுன் இன்னொரு தரம் வரமுடியுமா என்று கேட்டேன். “கூப்பிடுங்கோ, வாறன்” என்றார். கூப்பிட்டேன், வந்தார்.

நூறாண்டுக்கு முந்திய சட்டமும் இதே கவலையோடுதான் பிறந்திருக்கிறது. வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். அதற்கு முந்திய வருடம், 1914இல், கொழும்பில் பிளேக் நோய் பரவியது. இரண்டும் அடுத்தடுத்து வந்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அறைக்கு வெளிச்சம் வேண்டும், பின்னால் திறந்த வெளி வேண்டும், கழிவுக்கு வழி வேண்டும் என்ற கட்டாயங்களுக்குப் பின்னால் நெருக்கமான வரிசை வீடுகளில் செத்துப்போன ஆட்கள் இருக்கிறார்கள். “பின்னுக்கு ஏன் இவ்வளவு இடம் விடவேணும், குசினியை அதுவரைக்கும் இழுக்கலாமே” என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லிவருகிறேன்.

கோப்பு விஷயத்தை அதிகம் நீட்டத் தேவையில்லை. உறுதி, நில அளவைப் படம், சோலைவரிப் பற்றுச்சீட்டு, வீதிக்கோட்டுச் சான்றிதழ், படவரைஞர் கீறிய படங்கள், பீ.எச்.ஐ. அறிக்கை, தொழில்நுட்ப உத்தியோகத்தரின் அறிக்கை, பிறகு திட்டமிடல் குழு. உறுதி இல்லாமல் அரச காணி அனுமதிப் பத்திரத்தில் இருப்பவர்களுக்குப் பிரதேச செயலகம் வழியாக இன்னொரு சுற்று. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து, உறுதியைத் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்தவர்களின் பாடு அதைவிடக் கடினம். அவர்கள் அனுமதி எடுக்காமல் கட்டினால் அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அனுமதி கிடைத்தால் அது ஓராண்டுக்குச் செல்லும். வேலை இழுபட்டால் நீடித்துக்கொள்ள வேண்டும். பணம் வரவர ஒவ்வொரு வரிசையாகக் கல் வைக்கும் எங்கள் ஊரில் ஓராண்டு என்பது எவ்வளவு குறுகியது என்று கட்டியவர்களுக்குத் தெரியும்.

கடலோரத்தில் இன்னொரு சட்டமும் சேர்ந்துகொள்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டினால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். அலஸ்தோட்டத்திலும் உப்புவெளியிலும் இந்தக் கோட்டுக்குள் விழும் வளவுகள் நிறைய. அனுமதி கொடுக்கும் சபைக்காரரே சிலவேளை இதை நினைவூட்டுவதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வது கட்டுகிறவர் பொறுப்பாகிவிடுகிறது.

சுனாமிக்குப் பிறகு நடந்ததை இங்கே சொல்லாமல் போக முடியாது. 2004 மார்கழி 26க்குப் பின், கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரை கட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. திருக்கடலூர் போன்ற இடத்தில் 200 மீற்றர் என்றால் வள்ளமும் வலையும் ஒரு பக்கம், வீடு எங்கோ. இரவில் காற்றுத் திரும்பினால் வள்ளத்தை மேலே இழுக்க ஓடிவர வேண்டியவர்களுக்கு அது பிழைப்பையே பிரிக்கிற கோடு. காற்றும் கடலும் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கேட்டு அந்தக் கோட்டைக் கீறியிருந்தால் வேறு விதமாக வந்திருக்கும். ஓராண்டுக்குள்ளேயே அந்தத் தூரங்கள் தளர்த்தப்பட்டன. தளர்த்தியது சரி. ஆனால் அதனால் ஊருக்குள் ஓர் எண்ணம் ஊன்றிவிட்டது: சட்டம் வரும், கொஞ்ச நாளில் போகும், பொறுத்திருந்தால் போதும். இருபது வருடம் கழிந்தும் கட்டட விதி என்றால் ஆட்கள் தோளைக் குலுக்குவதற்கு அந்த அனுபவமும் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது என் மனதில் கிடக்கும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பரிசோதனை ஒழுங்காக நடந்த வீடுகள் எங்கள் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவை வீடமைப்புத் திட்ட வீடுகள். சுனாமிக்குப் பிறகு முற்றாக அழிந்த வீட்டுக்கு 2,50,000 ரூபா, பகுதியாகச் சேதமானதற்கு 1,00,000 ரூபா. பிறகு வந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 550 சதுர அடி வீட்டுக்கு 5,50,000 ரூபா. பணம் ஒரேயடியாக வரவில்லை, தவணை தவணையாக வந்தது. ஒரு கட்டம் முடிந்து, தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து ஒப்பமிட்டால்தான் அடுத்த தவணை வங்கிக்கு வரும். சாம்பல்தீவில் எங்கள் உறவினர் ஒருவர் இப்படிக் கட்டினார். அத்திவாரத்தில் கருங்கல் இடைவெளியைக் கிளறிப் பார்த்து, திரும்பக் கட்டச் சொன்னார்களாம். அவர் அப்போது திட்டித் தீர்த்தார். அந்த வீட்டுச் சுவரில் இன்றைக்கும் ஒரு வெடிப்பு இல்லை.

அதே ஒழுங்கையில், அதே மேசன்மார், வெளிநாட்டுக் காசில் கட்டிய மாடி வீடுகள் இருக்கின்றன. திட்ட வீட்டைப்போல ஐந்து மடங்கு, பத்து மடங்கு செலவு. அவற்றில் லிண்டலுக்கு மேலே மூலைக்கு மூலை சாய்ந்த வெடிப்புகள். மேசன் ஒருவர்தான், மணல் ஒன்றுதான். ஒரு வீட்டில் பணத்துக்குக் காவலாக ஒரு கண் இருந்தது, மற்றதில் இல்லை. சொந்தக் காசில் கட்டுகிறவருக்கு அந்தக் கண் வேண்டாமா? உண்மையில் அவருக்குத்தானே கூட வேண்டும். கடன்பட்டு, நகை அடைவு வைத்து, பாலைவன வெயிலில் நின்று உழைத்த காசு அது.

தூண் போட்ட நாளில் எங்களுக்கு நடந்தது இது. படத்தில் ஒன்பதுக்கு ஒன்பது அங்குலத் தூண், அதைச் சுற்றி ஆறு அங்குலத்துக்கு ஒரு வளையம். கொங்கிரீட் போடுவதற்கு முதல் நாள் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரான டீ.ஓ.வுக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். காலையில் கந்தோருக்குப் போகும் வழியில் வந்தார். இரண்டு தூணைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பையிலிருந்து நாடாவை எடுத்து வளையங்களுக்கு இடையில் வைத்தார். 10 அங்குலம். பலகை அடித்திருந்த தூண் ஒன்றின் உள்ளே எட்டிப் பார்த்தார். கம்பி பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கொங்கிரீட் போட்டால் அந்தப் பக்கம் கம்பிக்கு மேல் ஒரு நகக்கண் அளவுகூட மறைப்பு இருக்காது.

மேசனார் எங்கள் ஊரில் நல்ல பேர் எடுத்தவர், வயதில் மூத்தவர். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “இருவது வருசமா இப்பிடித்தான் கட்டுறன் சேர். ஒண்டும் விழேல்ல.”

டீ.ஓ. குரலை உயர்த்தவில்லை. “விழாது அண்ணை. கடற்கரைப் பக்கம் நீங்க முந்திக் கட்டின தூண் ஏதும் இருந்தால் பின்னேரம் போய்ப் பாருங்கோ. கம்பி தெரியுதோ எண்டு மட்டும் பாருங்கோ.”

அன்று கொங்கிரீட் போடவில்லை. வளையங்களை அவிழ்த்து நெருக்கிக் கட்டினார்கள். கம்பிக்கும் பலகைக்கும் இடையில் வைக்க ஒன்றரை அங்குல சீமெந்துக் கட்டைகள் வார்த்தார்கள். கூலியும் நேரமும் போனது உண்மை. பின்னேரம் நானும் மேசனாரும் உப்புவெளிப் பக்கம் நடந்தோம். அவர் கட்டியது என்று அவரே ஒரு வீட்டைக் காட்டினார். முன் விறாந்தைத் தூணில் நெடுக ஒரு கோடு ஓடியிருந்தது, ஓரத்தில் செந்நிறக் கறை. ஒரு இடத்தில் கொங்கிரீட் செதிள் கழன்று விழுந்து, உள்ளே கம்பி பொருக்குப் பொருக்காக இருந்தது. அவர் விரலால் சுரண்டினார், துகள் கையோடு வந்தது. ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் தன் பையன்களிடம் வளையத்தை அவரே அளந்து காட்டினார்.

கடல் காற்றில் உப்பு. அந்த உப்பு கொங்கிரீட்டின் நுண்துளை வழியே மெல்ல மெல்ல உள்ளே போகும். கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும். துரு, இருந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால் உள்ளிருந்தே கொங்கிரீட்டைப் பிளக்கும். மறைப்பு எவ்வளவு தடிப்போ, தூணின் ஆயுள் அவ்வளவு நீளும். கடல் மணலைக் கலந்தால் உப்பை நாமே உள்ளே வைத்துக் கட்டுகிறோம் என்று அர்த்தம். மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற மாவட்டம் இது. ஆற்று மணல் கிடைக்காத ஊரல்ல. ஆனால் விலை ஏறும்போது இரண்டையும் கலந்து இறக்குகிறவர்கள் உண்டு. லோட் இறங்கும்போது கையில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பது எங்கள் மேசனாரின் பழக்கம். கிளிஞ்சல் துண்டு தெரிகிறதா என்றும் பார்ப்பார். அது நல்ல பழக்கம்.

கூரைக்கும் இதே கதைதான். 1964 மார்கழிச் சூறாவளியை ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் சொல்வார்கள். 2000ஆம் ஆண்டு மார்கழி 26இலும் ஒன்று திருகோணமலைக் கரையைத் தாக்கியது. 2020 மார்கழி 2இல் புரெவி குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில் கரை ஏறியது. இத்தனை கண்ட கரையில் இன்னமும் கைமரத்தைச் சுவரின்மேல் வைத்து இரண்டு ஆணியோடு விடுகிறார்கள். காற்று கூரையைக் கீழே அழுத்துவதைவிட மேலே தூக்குவதுதான் அதிகம். சுவர் உச்சியில் சுற்றிவர ஒரு பீம், அதில் கொங்கிரீட் போடும்போதே பதித்த கம்பி அல்லது இரும்புப் பட்டி, அது கைமரத்தைச் சுற்றி இறுக்கியிருக்க வேண்டும். செலவு மிகச் சொற்பம். ஆனால் பீம் போட்ட பிறகு நினைவு வந்தால் பிரயோசனமில்லை. இதற்கும் பார்க்க வேண்டிய நாள் ஒன்றுதான்.

கடைசியில் வருவது சி.ஓ.சி., அதாவது கட்டடம் அனுமதித்த படத்துக்கு ஏற்ப இருக்கிறது என்ற சான்றிதழ். சட்டப்படி அது இல்லாமல் குடியேறக்கூடாது. எங்கள் ஒழுங்கையில் அதை எடுத்தவர்கள் மிகச் சிலர். விடுதி பதிவதற்கும் வங்கிக் கடனுக்கும்தான் அதைத் தேடுகிறார்கள். பால் காய்ச்சிக் குடிபுகுந்த பிறகு சான்றிதழ் எதற்கு என்பது ஊர் நினைப்பு. அந்தச் சான்றிதழை நான் மதிக்கிறேன், தங்கை வீட்டுக்கும் எடுப்போம். என்றாலும் பூச்சும் பெயின்றும் முடிந்த பிறகு நடக்கும் பரிசோதனையால் யன்னலையும் பின்வெளியையும் எண்ணலாம். கம்பியையும் குழியின் அடியையும் பார்க்க முடியாது. வீட்டின் உயிர் இருக்கும் இடங்கள் அப்போது மூடப்பட்டுவிட்டன.

உத்தியோகத்தர்கள் ஏன் தாங்களாக வருவதில்லை என்று கோபிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டீ.ஓ. என்பவர் கட்டடங்களை மட்டும் பார்ப்பவர் அல்ல. சபையின் ஒழுங்கை, வடிகான், மதகு, சந்தைக் கட்டடம் எல்லாம் அவர் தலையில். பீ.எச்.ஐ.க்கு டெங்கு ஒன்றே போதும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு கொன்ற காலத்தில் அவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கியதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. இதற்கிடையில் 2023 பங்குனி முதல் 2025 வைகாசித் தேர்தல் வரை உள்ளூராட்சி சபைகளில் தெரிவான உறுப்பினர்களே இல்லை. முறையிடப் போக ஒரு வட்டார மெம்பர்கூட இல்லாத இரண்டு வருடம் அது.

பரிசோதனையைக் கூட்டினால் கைநீட்டுவதும் கூடும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அந்தப் பயம் நியாயமானது. அனுமதிக்காக அலைந்தவர்களிடம் அப்படிக் கதைகள் இருக்கின்றன. ஆனால் அதற்கு மருந்து பரிசோதனையை நிறுத்துவதல்ல, அதை எழுத்தில் கொண்டுவருவதுதான். வந்த திகதி, பார்த்தது என்ன, திருத்தச் சொன்னது என்ன, கையெழுத்து. ஒரு பிரதி வீட்டுக்காரரிடம், ஒன்று கோப்பில். கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் உரிமையை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்களுக்குத் தந்திருக்கிறது. கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும்.

புதிய சபைகளிடம் நான் கேட்பது பெரிய விஷயமல்ல. அனுமதிக் கட்டணத்தோடு மூன்று வருகைக்கான கட்டணத்தையும் சேர்த்து வாங்குங்கள். அத்திவாரமும் குழியும் திறந்திருக்கும்போது ஒன்று, தூணும் பீமும் கம்பியாக நிற்கும்போது ஒன்று, ஓடு போடுமுன் ஒன்று. வருவதற்கு வீட்டுக்காரர் முதல் நாளே அழைக்கட்டும். அந்தக் கட்டணத்தை முகம் சுளிக்காமல் கட்டக்கூடியவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம். ஒரு லோட் மணலின் விலைகூட வராது. மேசன்மாருக்கு வருடத்தில் ஒரு நாள், தமிழில், படங்களோடு, தொட்டியும் ஊறுகுழியும் எப்படி, கடலோரத் தூணுக்கு மறைப்பு எவ்வளவு என்று சொல்லிக் கொடுக்கவும் வேண்டும். எங்கள் மேசனாரே முதல் ஆளாக வந்து இருப்பார்.

சபை செய்யும்வரை காத்திருக்காமல், கட்டுகிறவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியதும் உண்டு. டீ.ஓ.வையும் பீ.எச்.ஐ.யையும் நீங்களே கூப்பிடுங்கள். அழைத்தால் பெரும்பாலும் வருகிறார்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை மூடாதீர்கள், மேசன் எவ்வளவு அவசரப்பட்டாலும். மூடுமுன் நாடாவை வைத்துப் படம் எடுங்கள்: குழி எல்லையிலிருந்து எத்தனை அடி, குழாய் எந்தப் பக்கம், தூணில் எத்தனை கம்பி.

தங்கை வீட்டுக்கு அப்படி ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். உறுதியோடு சேர்த்து அதே பெட்டகத்தில் இருக்கிறது. அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். காணி இனிப் பிரிக்க இடம் கொடுக்காது, ஆகவே ஒருத்திக்குக் கீழ், மற்றவளுக்கு மேல் என்றுதான் வரும். அன்றைக்கு வரும் பொறியியலாளர் கீழ்த் தூணில் என்ன கம்பி என்று கேட்டால் சுவரை உடைத்துப் பார்க்கத் தேவையில்லை. 12 மில்லிமீற்றர் நான்கு, ஆறு அங்குலத்துக்கு ஒரு வளையம், ஒன்றரை அங்குல மறைப்பு. பார்த்தவரின் கையெழுத்தும் திகதியும் கீழே இருக்கின்றன.